சிஸ்டர் பெட்ரோனிலாவும் மகேந்திரராஜாவின் இடது காதும்

மகேந்திரராஜாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். இதை அவரே எல்லாருக்கும் சொல்லுவார். என்ன, கொஞ்சம் உரத்துச் சொல்லுவார்.

குறை மற்றவர்களிடம்தான் இருந்தது. உலகம் வரவர வாய்க்குள்ளேயே கதைக்கப் பழகிவிட்டது. கடைக்காரி முணுமுணுத்தாள். பஸ் சாரதி முணுமுணுத்தான். கோவிலில் ஐயரும் முணுமுணுத்தார். அது போகட்டும், மந்திரம் யாருக்குத்தான் விளங்கியது? ஆனால் கட்டின மனைவியுமா? கல்யாணமான புதிதில் மூன்று வீடு தள்ளிக் கேட்கும்படி கதைத்த ரோஹிணி, இப்போது கடன்காரனுக்கு ஒளித்திருப்பவள் போல உதட்டை மட்டும் அசைத்தாள்.

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் கம்பி இழுக்கும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அகதியாக வந்த காலத்திலிருந்து அதே இயந்திரம், அதே இரைச்சல். காதுக்கு அடைப்பான் கொடுத்தார்கள். மகேந்திரராஜா அதைத் தொடவில்லை. "காதுக்குள்ளை பஞ்சடைக்கிறது செத்தவைக்கு. நான் இன்னும் சாகேல்லை" என்றார். அவர் சாகவில்லை. காதுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது. இடது காது முந்திக்கொண்டது.

ரோஹிணிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. காலையில் போனதும் கிழவர் கிழவிகளின் காதுகளில் கருவியை மாட்டிவிடுவதுதான் முதல் காரியம். ஒருவர் கழுத்தைச் சாய்க்கிற விதத்திலேயே எந்தக் காதில் எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடுவாள்.

"இஞ்சருங்கோ, ஒருக்காக் காதைக் கொண்டுபோய்க் காட்டுவமே?"

"ஏன் காட்டுவான்? வடிவாக் கேக்குதுதானே."

"கறிக்கு உப்புக் காணுமோ?"

"இந்த வருஷம் ஊருக்குப் போக ஏலாது. லீவில்லை."

ரோஹிணி உப்புப் போத்தலை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்குள்தான் சிஸ்டர் பெட்ரோனிலா வந்து சேர்ந்தா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ரீவியில் போகும் பிரிட்டிஷ் நாடகம் அது. ஜெர்மன் குரல் கொடுத்து ஓடும். பெட்ரோனிலா ஒரு கன்னியாஸ்திரி. இங்கிலாந்தில் ஏதோ ஒரு பச்சைப்பசேலென்ற கிராமம். கிழமைக்கு ஒரு கொலை விழும். பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிவார். சிஸ்டர் பழைய சைக்கிளில் போய் வீடுவீடாகத் தேத்தண்ணி குடிப்பா, கோழிக்குத் தீன் போடுவா, செபம் சொல்லுவா. செபம் முடிகிற நேரம் கொலைகாரன் பிடிபட்டுவிடுவான். ரோஹிணி சைவக்காரி, ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்துக்கு அவளை மடத்தில் சேர்த்துவிட்டாலும் போயிருப்பாள்.

மகேந்திரராஜாவும் பக்கத்தில் இருந்து பார்த்தார். பார்த்தார் என்பதுதான் சரி. மடத்தில் மூன்று சிஸ்டர்மார். மூன்று பேருக்கும் ஒரே வெள்ளை முக்காடு. எவ பெட்ரோனிலா என்று அவர் பிடிப்பதற்குள் விளம்பரம் வந்துவிடும். ஆனாலும் ஆம்பிளை ஒருவன் ஒன்றும் சொல்லாமல் இருக்க முடியுமா?

"அந்த மீசைக்காரன்தான் கொலைகாரன்."

"என்னப்பா, அவன்தானே செத்தவன்."

"செத்தவன் எண்டால் ஏன் நடந்து திரியிறான்?"

"அது தம்பிக்காரன். இரட்டைப் பிள்ளையள். இப்பத்தானே சிஸ்டர் சொன்னவ!"

"எந்தச் சிஸ்டர்?"

ரோஹிணி சிரித்தாள். சும்மா சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மட்டும் மகேந்திரராஜாவுக்குத் துல்லியமாகக் கேட்டது.

அன்று அவர் ஒரு சபதம் எடுத்தார். பாஞ்சாலி கூந்தலை முடிய மாட்டேன் என்றாள். முடிவதற்குத் தலையில் ஒன்றும் இல்லாத மகேந்திரராஜா, இனி இந்த வீட்டில் கொலைகாரனை முதலில் பிடிப்பது நான்தான் என்றார்.

வழியும் கிடைத்தது. ஞாயிறு போகப்போகும் நாடகத்தை முந்தின கிழமையே இணையத்தில் விட்டுவிடுகிறார்கள். ரோஹிணி காலை வேலைக்குப் போனதும், தன்னுடைய இரவு வேலை முடிந்து வந்த மகேந்திரராஜா கைபேசியைத் திறந்தார். காது இரண்டையும் மூடுகிற பெரிய ஹெட்போனைப் போட்டு, சத்தத்தைக் கடைசிவரை ஏற்றி, கீழே ஓடும் எழுத்துகளையும் விடாமல் வாசித்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை சோபாவில் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு, பிணம் விழுவதற்கு முதலே அறிவித்தார்.

"அந்தத் தபால்காரி."

கடைசியில் தபால்காரியேதான். ரோஹிணி வாயில் கை வைத்தாள். "எப்பிடியப்பா?"

"எனக்குத் தொடக்கத்திலையே தெரியும்."

அடுத்த கிழமை பல்வைத்தியர். அதற்கடுத்த கிழமை பாதிரியாரின் மாமி. ஒவ்வொரு தரமும் "எனக்குத் தொடக்கத்திலையே தெரியும்" என்பார். ரோஹிணி அவரை ஒரு மாதிரி, தலையை மெல்லச் சாய்த்து, அந்தச் சிஸ்டர் தேத்தண்ணிக் கோப்பைக்கு மேலால் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். மகேந்திரராஜா அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டார்.

இவர்களுக்கு ஒரே மகள், தேனுஜா. ஆஹென் நகரத்தில் படித்து, அங்கேயே வேலையும் எடுத்துக்கொண்டவள். பின்னேரங்களில் தொலைபேசி எடுப்பாள். மகேந்திரராஜா "சாப்பிட்டியோ? அங்கை குளிரோ?" என்று கேட்பார். மகள் ஏதோ சொல்லுவாள். அவளும் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டாள். "சரி, அம்மாட்டைக் குடுக்கிறன்" என்று போனை நீட்டிவிடுவார். இரண்டு வருஷமாகத் தகப்பனும் மகளும் கதைத்த கதை அவ்வளவுதான்.

ஒருநாள் போனை வைத்த ரோஹிணி, முகமெல்லாம் மலர வந்து பக்கத்தில் இருந்தாள். இடது பக்கம்.

"தேனுஜாவுக்கு ஒண்டு பிடிச்சிருக்காம். பென்ஜமின்."

"பென்ஸோ?"

"ஓம், பென்ஜமின்."

"புதுசோ?"

"புதுசில்லை. ரெண்டு வருஷப் பழக்கமாம்."

"ரெண்டு வருஷம் ஓடினதெண்டால் பரவாயில்லை. என்ன நிறம்?"

ரோஹிணி கொஞ்சம் யோசித்தாள். "வெள்ளைதான். வேறென்ன நிறமா இருக்கப் போகுது?"

"வெள்ளை பென்ஸ்! நல்லது, நல்லது. ஞாயிற்றுக்கிழமை கொண்டரச் சொல்லு, பாப்பம்."

ரோஹிணிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. இந்த மனிசன் இவ்வளவு லேசாகச் சம்மதிப்பார் என்று அவள் நினைக்கவேயில்லை. அழுதுகொண்டே மகளுக்குப் போன் எடுத்தாள். காருக்கு ஏன் அழுகிறாள் என்று மகேந்திரராஜாவுக்கு விளங்கவில்லை. பெண்கள் அப்படித்தான் என்று விட்டுவிட்டார். தொழிற்சாலையில் எல்லாருக்கும் மகளின் பென்ஸைப் பற்றிச் சொல்லி முடித்தார்.

ஞாயிறு வந்தது. மகேந்திரராஜா பல்கனியில் நின்று தெருவைப் பார்த்தார். வாசலில் நல்லதொரு இடம் காலியாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் தன் காரை விடப் பார்க்க, கையைக் காட்டி மறித்தார். கடைசியில் பஸ் தரிப்பிடத்திலிருந்து தேனுஜா நடந்து வந்தாள். பக்கத்தில் முதுகுப் பையோடு ஒரு நெட்டை வெள்ளைக்காரப் பெடியன்.

"எங்கை பென்ஸ்?" என்றார் கதவைத் திறந்தபடி.

"இந்தா நிக்கிறார், அப்பா" என்று தேனுஜா பெடியனைக் காட்டினாள்.

பெடியன் கையை நீட்டினான். தன் பெயரைச் சொன்னான். மகேந்திரராஜாவின் தலைக்குள் பென்ஸ் மெல்லப் பின்னால் போய், பென்ஜமின் முன்னால் வந்தது. ஆனால் இப்போது என்ன சொல்வது? எனக்குப் பிழையாகக் கேட்டுவிட்டது என்றா? அதைச் சொல்வதற்குப் பதில் பெடியனையே உள்ளே விடலாம். விட்டார்.

பெடியன் நல்லவன்போலத்தான் தெரிந்தான். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தான். ஆனால் அவன் கதைத்ததில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. பூனை பால் குடிக்கிற சத்தம்கூட அதைவிடப் பெரிது. இப்படி வாய்க்குள் கதைக்கிறவனிடம் மகளைக் கொடுத்தால், வீடு பற்றி எரிந்தாலும் அவன் இரகசியமாகத்தான் சொல்லுவான். மகேந்திரராஜா அங்கேயே முடிவெடுத்தார். அவன் பெண் கேட்டால் பதில் ஒன்றுதான். ஏலாது.

ரோஹிணி தட்டு நிறைய ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்து வைத்தாள். பெடியனை மகேந்திரராஜாவின் இடது பக்கத்தில் இருத்தினாள். ரீவியைப் போட்டாள். சிஸ்டர் பெட்ரோனிலா சைக்கிளில் வந்தா.

இந்தக் கதை மகேந்திரராஜாவுக்கு மனப்பாடம். தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கிறவன்தான் தோட்டக்காரனைக் கொன்றவன். எப்போது சொல்லலாம் என்று காத்திருந்தார். பாதிக் கதை போகையில், முகம் சிவந்துபோயிருந்த பெடியன் அவர் பக்கம் சாய்ந்தான். கையை முன்னால் மெல்ல நீட்டி ஏதோ கேட்டான். முன்னால் ரீவி. ரீவியில் ஓர்கன்காரன்.

அட, பெடியன் கெட்டிக்காரன்தான்! இவனும் ஆளைப் பிடித்துவிட்டானே!

"யா, யா! நத்தூர்லிச்!" என்றார் மகேந்திரராஜா ஜெர்மனில், வீடு அதிர. நிச்சயமாக, இதிலென்ன சந்தேகம் என்று அர்த்தம். அதோடு விட்டாரா? பெடியனின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு. "வேறை ஆளே இல்லை. இவன்தான்! எனக்குத் தொடக்கத்திலையே தெரியும்!"

ரோஹிணி துள்ளி எழும்பினாள். "பிள்ளை! கேட்டனியே? அப்பா ஓம் எண்டிட்டார்!"

தேனுஜா ஒரு கணம் தாயைப் பார்த்தாள். தாய் ஒருதரம் கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவுதான், மகள் பாய்ந்து வந்து தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். ரோஹிணி அழுதாள். பெடியன் கையில் ஒரு ரோல்ஸோடு எழும்பி நின்று, எல்லாரையும் பார்த்து விழித்தான். மகேந்திரராஜாவும் விழித்தார். ஓர்கன்காரன் பிடிபட்டதற்கு இவ்வளவு சந்தோஷமா?

"பிள்ளை, அவன் தோட்டக்காரனை நஞ்சு வைச்சுக் கொன்றவன்" என்றார்.

"பகிடியைப் பார்!" என்று ரோஹிணி கண்ணைத் துடைத்தாள். "எப்ப கலியாணத்தை வைப்பம்?"

அந்த ஒரு சொல் அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் அவள் உதட்டில் தெளிவாகத் தெரிந்தது. கலியாணம்.

மனைவியைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தி, கொஞ்சம் மிச்சமிருந்த வலது காதை அவள் பக்கம் திருப்பினார்.

"ஆற்றை கலியாணம்?"

"உங்கட மகளின்ரை. அந்தத் தம்பி எவ்வளவு மரியாதையா உங்களைக் கேட்டது. நீங்களும் முதுகிலை தட்டி, வேறை ஆளே இல்லை, இவன்தான் எண்டியள். என்ரை வயிறு குளிர்ந்து போச்சு."

"நான் அதைச் சொல்லேல்லை!"

"வேறை எதைச் சொன்னனியள்?"

"கொலைகாரனைச் சொன்னனான்!"

"அவன் கேட்டது பெண். நீங்கள் சொன்னது கொலைகாரன். எப்பிடியப்பா பொருந்தும்? உங்களுக்குத்தான் காது வடிவாக் கேக்குமே."

மகேந்திரராஜாவுக்கு வேர்த்தது. முன்னால் இரண்டு வாசல். ஒன்று, காது கேட்கும், அப்படியென்றால் கலியாணம். மற்றது, கலியாணம் இல்லை, அப்படியென்றால்... அவர் ஒரு மூச்சு விட்டார்.

"எனக்குக் கேக்கேல்லை" என்றார் மெல்ல.

"என்ன?"

"கேக்கேல்லை எண்டன்!"

"அவன் கேட்டது மட்டும் கேக்கேல்லையோ, ஒண்டுமே கேக்காதோ?"

"ஒண்டுமே வடிவாக் கேக்காது. போதுமே?"

ரோஹிணி குசினிக் கதிரையில் இருந்தாள். தலையை மெல்லச் சாய்த்தாள். "அப்ப தபால்காரியை எப்பிடிப் பிடிச்சனியள்? பல்வைத்தியர்? பாதிரியாற்றை மாமி?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. கைபேசி, ஹெட்போன், கீழே ஓடும் எழுத்து எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சொல்லி முடிக்கையில் அவருக்கு ஓர்கன்காரனின் மேல்கூட இரக்கம் வந்தது.

"சரி" என்றாள் ரோஹிணி. "உங்களுக்கு விளங்காமல் சொன்ன ஓம் ஓமில்லை. அதை நான் கணக்கெடுக்கேல்லை. நீங்கள் போய்க் காதுக்குக் கருவி போடுங்கோ. பிறகு அந்தத் தம்பி வந்து முதலிலையிருந்து கேக்கட்டும். அப்ப நீங்கள் ஓம் எண்டாலும் சரி, ஏலாது எண்டாலும் சரி."

"ஏலாது எண்டால் நீ ஒண்டும் சொல்லப்படாது."

"ஒரு சொல்லும் சொல்லமாட்டன்."

மகேந்திரராஜா வென்றுவிட்டதாகவே நினைத்தார். "அப்ப காதைக் காட்ட ஒரு நாள் குறிச்சுத் தெர்மீன் எடு" என்றார்.

"நாளைக்கு எடுத்து வைச்சிருக்கிறன்."

தெர்மீன் எப்போது எடுத்தாள் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. வெளியே போய் மகளுக்கு முன்னால், "எனக்குக் காது கேக்காது, பிள்ளை" என்றார். தேனுஜாவின் கண் நிரம்பியது. அவள் ஏதோ சொன்னாள். அவருக்கு விளங்கவில்லை. வழக்கம்போல, "ஓம் ஓம்" என்றார்.

கருவி சின்னது. காதுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கருவிக் கடையை விட்டு வெளியே வந்தால் உலகம் முழுக்கச் சத்தம் போட்டது. மழைக்குச் சத்தம் இருந்தது. தன் காற்சட்டை உரசுகிற சத்தம்கூட இருந்தது. வீட்டில் குளிர்ப்பெட்டி நோயாளிபோல முனகியது. இதென்ன பழுதோ என்று கேட்டார். "வாங்கின நாளிலையிருந்து இப்பிடித்தான்" என்றாள் ரோஹிணி. அவள் முணுமுணுக்கவில்லை. அவள் ஒருநாளும் முணுமுணுத்ததே இல்லை.

அன்று பின்னேரம் தேனுஜா போன் எடுத்தாள். "சாப்பிட்டியோ?" என்றார்.

"புட்டும் சம்பலும் சாப்பிட்டனான், அப்பா. நானே அவிச்சனான். கட்டி கட்டியாப் போச்சு."

மகேந்திரராஜா போனை அம்மாவிடம் நீட்டவில்லை. மாவைக் கொஞ்சம் வறுக்க வேண்டும் என்றார். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் குழைக்க வேண்டும் என்றார். பிறகு கேட்டார்.

"அண்டைக்கு நீ அழுதுகொண்டு என்னவோ சொன்னனீ. அது என்ன, பிள்ளை?"

கொஞ்ச நேரம் அங்கே மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் கேட்டது.

"நீங்கள் என்னோடை கோவமெண்டு நினைச்சன், அப்பா. நான் கதைக்க வெளிக்கிட்டால் உடனை அம்மாட்டைக் குடுத்திடுவியள். பென்ஜமினைப் பற்றிச் சொல்ல எத்தினை நாள் பாத்தனான் தெரியுமே?"

அவர் போனை இன்னும் காதோடு சேர்த்துப் பிடித்தார். ரோஹிணி இரண்டு தரம் வந்து கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பென்ஜமின் திரும்ப வந்தான். மகேந்திரராஜா ரீவியைத் தானே நிற்பாட்டினார். பெடியன் நிமிர்ந்து இருந்து, மனப்பாடம் செய்த தமிழில் தொடங்கினான். குரல் மென்மைதான். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது, பிழைகளும் கேட்டன.

"மாமா, தேனுஜாவை எனக்குக் கட்டித் தாங்கோ."

சாப்பாட்டுக் கடையில் சோற்றுப் பார்சல் கேட்பதுபோல இருந்தது. மகேந்திரராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன நாளைக்குப் பிறகு, மற்றவர் சிரிப்பதைப் பார்த்துச் சிரிக்காமல், விளங்கிச் சிரித்தார். மகளைப் பார்த்தார். அவள் விரலைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஏலாது என்ற சொல் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"ஓம்" என்றார்.

தேனுஜா பாய்ந்து வந்து கட்டிப்பிடித்தாள். குசினியில் ரோல்ஸ் பொரிகிற சத்தம் கேட்டது. எல்லாம் அடங்கிய பிறகு மகேந்திரராஜா பெரிய மனது பண்ணி மருமகன் பக்கம் திரும்பினார். ஜெர்மனில் சொன்னார்: "தம்பி, குறை நினைக்காதையும். போன ஞாயிறும் நீர் இதைத்தான் கேட்டனீர். எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை."

பென்ஜமின் குழம்பிப் போனான். "போன ஞாயிறோ? போன ஞாயிறு நான் பெண் கேக்கேல்லையே. பயத்திலை நாக்கே எழும்பேல்லை."

"அப்ப கையைக் காட்டி என்னவோ கேட்டனீர்?"

"இன்னொரு ரோல்ஸ் எடுக்கலாமோ எண்டு கேட்டனான். நீங்கள் என்ரை முதுகிலை அடிச்சியள். அம்மா அழுதா. தேனுஜா உங்களைக் கட்டிப்பிடிச்சா." அவன் வெட்கத்தோடு சிரித்தான். "தமிழ் வீடுகளிலை விருந்தாளி ரெண்டாம்தரம் கேட்டுச் சாப்பிட்டால் இப்பிடித்தான் கொண்டாடுவினம் எண்டு தேனுஜா பிறகு சொன்னா."

மகேந்திரராஜா மகளைத் தேடினார். மகள் பல்கனியில் நின்று மிகுந்த அக்கறையோடு பூஞ்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் குசினிப் பக்கம் திரும்பி, தொழிற்சாலை இயந்திரத்தையே வெல்லுகிற குரலில் கத்தினார்.

"ரோஹிணி!"

உள்ளேயிருந்து பதில் மணிபோலத் தெளிவாக வந்தது.

"என்னப்பா? இஞ்சை எனக்கொண்டும் கேக்கேல்லை!"